முள்ளிக்குளத்துக்கு எட்டாத கால்வாய்

இலங்கையின் வடமேற்குக் கரையில், மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், வில்பத்துக் காட்டுக்கு வட எல்லையாக ஓடிவரும் மோதரகம் ஆறு கடலைச் சேரும் இடத்தை அடுத்து அமைந்த முள்ளிக்குளம், தரைவழி வருவோருக்குக் காட்டின் விளிம்பில் ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூராகத் தோன்றினாலும், நீர்வழியை முதன்மையாகக் கொண்டு நோக்குவோருக்குக் கொழும்பிலிருந்து வடக்கே நீளும் ஒரு நெடும்பாதை திறந்த கடலைச் சந்திக்கும் இடத்துக்கு அண்மையில் அமைந்த ஊராகும். களனி ஆற்றையொட்டித் தொடங்கி நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று செல்லும் கால்வாய், புத்தளம் களப்பில் கலக்கிறது. களப்பு என்பது கடலோடு வாய் திறந்து, ஆற்று நீரும் உப்பு நீரும் கலந்து நிற்கும் ஆழமற்ற கரையோர நீர்ப்பரப்பைக் குறிக்க இலங்கைத் தமிழர் வழங்கும் சொல். அக்களப்பு வடக்கே ஒல்லாந்தர் குடாவாகவும், அதற்கும் வடக்கே கரைத்தீவின் மறைவில் போர்த்துக்கேயர் குடாவாகவும் விரிந்து, குதிரைமலை முனைக்கு முன்பாகத் தன் அடைக்கலத்தை முடித்துக்கொள்கிறது. குதிரைமலையைத் தாண்டினால் அலைகடல்; அக்கடலின் முதல் ஊர்களுள் ஒன்று முள்ளிக்குளம்.

இந்த நீர்வழியின் வரலாற்றை ஐரோப்பாவின் ஆறுகளோடும் கால்வாய்களோடும் சேர்த்து வைத்துப் படிப்பதற்குத் தக்க காரணம் உண்டு. இன்று ஐரோப்பாவில் பணி ஓய்வு பெற்ற பல்லாயிரவர் ஆண்டுதோறும் ஆம்ஸ்ரடாமில் ஒரு பயணக்கப்பலில் ஏறி, ரைன், மைன், தன்யூப் ஆகிய ஆறுகள் வழியாகவும் அவற்றை இணைக்கும் கால்வாய் வழியாகவும் ஏறத்தாழப் பதினைந்து நாளில் புடாபெஸ்ட் நகரை அடைகின்றனர். படுக்கையறையும் உணவுச்சாலையும் கப்பலோடு கூடவே நகர, ஊர்கள் ஒவ்வொன்றாகக் கரையில் வந்து நிற்கும் இந்தப் பயணம், முதுமைக்கு இசைந்த பயணமாக அங்கு பெயர்பெற்றுள்ளது. அதே கால்வாய்க் கலையை ஒல்லாந்தர் இலங்கைக்கும் கொண்டுவந்தனர். அங்கு அது மக்கள் பயணமாகத் தொடங்கிச் சரக்குப் பாதையாக வளர்ந்து முதியோரின் ஓய்வுலாவாக நிலைபெற, இங்கு அது சரக்குப் பாதையாகவே தொடங்கிச் சரக்குப் பாதையாகவே மங்கியது ஏன் என்பதும், அதன் வடகோடிக்கு அப்பால் இருந்த முள்ளிக்குளம் போன்ற ஊர்கள் அதனால் பெற்றதும் இழந்ததும் என்ன என்பதும் ஆராயத்தக்கன.

கால்வாய்க்கு மிக முற்பட்ட காலத்திலேயே இக்கரை நீர்வழியால் வாழ்ந்த கரை. குதிரைமலைக்குத் தெற்கே பொம்பரிப்பில் அகழ்ந்தெடுக்கப்பட்ட முதுமக்கள் தாழிகள், பாண்டி நாட்டு ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பவைத்து ஆராயப்பட்டவை. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளும் இரும்புக் காலத்திலேயே ஒரே பண்பாட்டு வட்டத்துள் நின்றமைக்கு அவை சான்று. முதலாம் நூற்றாண்டில் எழுதிய உரோம அறிஞர் பிளினி, செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர், அரேபியக் கரையோரம் சென்றபோது வடகாற்றில் அள்ளுண்டு பதினைந்தாம் நாளில் இலங்கையின் ஹிப்புரோஸ் துறையில் கரைசேர்ந்ததாகக் குறிப்பிடுகிறார். கிரேக்க மொழியில் குதிரையைக் குறிக்கும் சொல்லை ஒத்த அப்பெயரைக் குதிரைமலையோடு இணைத்துக் காண்போர் உளர். வடக்கே, அநுராதபுரத்தைத் தொட்டுவரும் அருவியாறு என்னும் மல்வத்து ஓயா அரிப்பை அடுத்துக் கடலில் விழ, அதற்கும் வடக்கே மாதோட்டப் பெருந்துறை அத்தலைநகருக்கு வாயிலாக விளங்கியது. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த மொரோக்கோப் பயணி இபின் பதூதா புத்தளத்தில் கரையிறங்கி, அங்கு ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவர் உதவியோடு பாவா ஆதம் மலைக்குச் சென்றார் என்பது அவருடைய பயண நூலால் அறியப்படுவது. இவை அனைத்தும் ஒருங்கே உணர்த்துவது, இக்கரையில் தரைவழிகள் நீர்த்துறையைத் தேடி வந்தன என்பதையே.

ஒல்லாந்தர் இங்கு வருவதற்குச் சற்று முன்னரே அவர்தம் தாய்நாட்டில் நீர்வழிப் பயணம் ஓர் ஒழுங்குபட்ட பொதுச்சேவை ஆகிவிட்டது. 1632இல் ஆம்ஸ்ரடாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே வெட்டப்பட்ட கால்வாயில் குதிரை இழுக்கும் பயணப்படகுகள் ஓடத் தொடங்கின. கரையோரம் அமைத்த ஒற்றையடிப் பாதையில் ஒரு குதிரை நடக்க, அதன் கழுத்துப்பட்டையில் கட்டிய நெடுங்கயிறு படகை இழுத்துச் செல்லும். குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேரும். கட்டணம் நகரசபையால் வரையறுக்கப்பட்டிருக்கும். வணிகரும் மாணவரும் பணிப்பெண்களும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து புகை பிடித்தும் கதை பேசியும் பயணம் செய்த அப்படகுகள், காற்றையும் சேற்றுப் பாதையையும் நம்பியிருந்த பிற நாட்டாருக்கு வியப்பளித்தன. நேரம் தவறாத பயணம் என்ற கருத்தே மேற்கு ஐரோப்பாவில் தண்டவாளத்துக்கு முன்பு இக்கால்வாய்களில்தான் பொதுமக்களுக்குப் பழக்கமாயிற்று எனல் மிகையன்று.

அந்த ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும், 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய பின்னர், மேல்கரையின் ஈரநிலங்களில் தமக்குப் பழகிய நிலத்தோற்றத்தையே கண்டிருக்க வேண்டும். ஆயினும் அவர்கள் வெறுநிலத்தில் புதிதாகத் தொடங்கினர் என்று கூறுவது பொருந்தாது. பதினைந்தாம் நூற்றாண்டிலேயே கோட்டை அரசர்கள் பாக்கும் கறுவாவும் நீர்கொழும்புத் துறைக்கு வந்து சேர வாய்க்கால்கள் அமைத்தனர் என்ற மரபு உண்டு. போர்த்துக்கேயரும் சிலவற்றைத் தூர்வாரினர். ஒல்லாந்தரின் சாதனை, இயற்கை ஏற்கெனவே தந்திருந்த களப்புகளையும் ஆற்றுக் கிளைகளையும் சதுப்புகளையும், இடையிட்ட மேட்டு நிலங்களை வெட்டி ஒரே தொடராகக் கோத்ததேயாகும். மணல் திட்டுகளுக்கு உட்புறமாகக் கடலுக்கு இணையாகச் செல்லும் இத்தொடர், சோளகக் காற்று எனப்படும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் திறந்த கடல் சிறு கலங்களுக்கு மூடப்பட்டுவிடும் கரையில், ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் பாதையாயிற்று. எனினும் 1766 வரை புத்தளமும் சிலாபமும் கண்டி அரசுக்குரிய துறைகளாகவே கருதப்பட்டன. 1765இல் கண்டி மீது நிகழ்ந்த படையெடுப்பின் பின் மறு ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கையால் தீவின் கரை முழுவதும் ஒல்லாந்தர் வசமான பின்பே, கொழும்பு முதல் புத்தளம் வரையான நீர்வழி ஒரே ஆட்சியின்கீழ் வந்தது.

அக்கால்வாயில் சென்ற கலம் தட்டையடியும் அகன்ற வயிறும் உடையது. ஓலைக் கிடுகால் வளைந்த கூரை வேயப்பட்டது. ஆழமற்ற நீரில் நெடுங்கழிகளை ஊன்றித் தள்ளியும், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் செலுத்தப்பட்டது. சிங்களவர் அதனைப் பாறுவ என்பர். தமிழில் பாதை என்ற சொல், ஆற்றையும் களப்பையும் குறுக்கே கடக்க ஆளையும் வண்டியையும் ஏற்றிச்செல்லும் தட்டைக் கலத்தைக் குறிக்க மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலும் வழங்கிவருகிறது. நிலத்தில் நடக்கும் வழிக்கும் நீரைக் கடக்கும் கலத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மக்களுக்கு, நீர் ஒருபோதும் வழித்தடையாகத் தோன்றவில்லை என்பதை இச்சொல்லாட்சி காட்டுகிறது. கால்வாய்க் கலங்கள் வடக்கிலிருந்து உப்பையும் கருவாட்டையும் தெற்கே கொண்டுசென்றன. சிலாபம், நீர்கொழும்புப் பகுதிகளின் கறுவாவும் பாக்கும் கொப்பறாவும் கொழும்புப் பண்டகசாலைகளை அடைந்தன. பயணிகளும் ஏறியிருப்பர், ஆயினும் ஹார்லெம் படகைப் போல மக்களுக்கெனக் கால அட்டவணையும் வரையறுத்த கட்டணமும் கொண்ட சேவை எதற்காகவும் இக்கால்வாய் வெட்டப்படவில்லை. ஒல்லாந்த வணிகக் கும்பினியின் கணக்கேட்டில் இது பண்டங்களின் பாதை. கரையில் வாழ்ந்தவர்கள் அதில் கழியூன்றும் கைகள். தன் நாட்டில் பயணிக்கு மதிப்பளித்த ஒரு சமுதாயம், தான் ஆண்ட நாட்டில் சரக்குக்கு மட்டுமே மதிப்பளித்தது. இந்த வேற்றுமையே பின்வந்த வரலாறு முழுவதையும் தீர்மானித்தது.

நீரின் இயல்பை அறிந்து வெட்டியவர்கள் என்று புகழப்படும் ஒல்லாந்தர்கூட இங்கு பிழை செய்தனர் என்பதையும் குறிப்பிட வேண்டும். நீர்கொழும்புக்குத் தெற்கே உள்ள முத்துராஜவெலச் சதுப்பில் முன்னர் நெல் விளைந்தது. கால்வாய் வழியே களப்பின் உவர்நீர் ஏறியதால் அவ்வயல்கள் கெட்டன. ஆங்கிலேயர் காலத்தில் வருவாய், வாணிப முகவராக இருந்த கவின் ஹமில்டன், அந்த உப்பு நீரை வடிப்பதற்கென 1802இல் தொடங்கி 1804இல் முடித்த கால்வாய் இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது. ஏறத்தாழ பதினான்கரைக் கிலோமீற்றர் நீளமான அக்கால்வாயும் வயல்களை மீட்கவில்லை.

கால்வாய் புத்தளம் களப்போடு நின்றதற்குக் காரணம் எளிது. களப்பும் இரு குடாக்களும் இயற்கையே வெட்டிய கால்வாயாக வடக்கே குதிரைமலை வரை அமைந்திருந்தமையால் அங்கு மண்வெட்டிக்கு வேலை இல்லை. குதிரைமலைக்கு அப்பால் வெட்டுவதற்கு ஆதாயமும் இல்லை. அங்கு கறுவா விளையவில்லை. மன்னார்க் கரையின் செல்வமான முத்து, சில ஆண்டுகளில் சில வாரங்கள் மட்டும் கிடைப்பது. அதைக் கொண்டுசெல்ல ஒரு பெட்டியும் ஒரு காவற்படையும் போதும், கால்வாய் வேண்டியதில்லை. எனவே கற்பிட்டியில் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை, அரிப்பில் ஒரு சிறு கோட்டை, மன்னாரில் போர்த்துக்கேயர் 1560இல் எழுப்பியதைத் திருத்திய கோட்டை என்று காவல் அரண்களால் மட்டுமே அவர்கள் வடகரையைத் தைத்துவைத்தனர். அவற்றுக்கிடையே முள்ளிக்குளமும் கொண்டச்சியும் சிலாவத்துறையும், வாடைக்கும் சோளகத்துக்கும் ஏற்பத் தோணியும் வள்ளமும் செலுத்தித் தம் வழியைத் தாமே பார்த்துக்கொண்டன.

அந்த அரிப்புக் கோட்டை, ஆற்றைப் பற்றிக்கொண்டு விடுதலையை அடைந்த ஒருவரால் உலகப் புகழ் பெற்றது. 1660இல் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் சிறையிருந்த ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், 1679இல் தம் தோழர் ஸ்ரீபன் றட்லண்டுடன் அநுராதபுரம் வழியாகத் தப்பி, காட்டினூடே மல்வத்து ஓயாவின் கரையைப் பின்பற்றி நடந்து அரிப்பில் ஒல்லாந்தரை அடைந்தார். பின்னர் மன்னாருக்கும், அங்கிருந்து கடல்வழியே கொழும்புக்கும் கொண்டுசெல்லப்பட்டார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூல், இலங்கையின் உள்நாட்டு வாழ்க்கையை ஐரோப்பியர்க்கு விரிவாக அறிவித்த ஆங்கில நூல்களுள் முதன்மையானது. வழி தெரியாத இருவருக்கு ஆறே வழிகாட்டியாக நின்ற அந்நிகழ்ச்சி, இக்கரையின் ஆறுகள் கலம் செல்லும் பாதைகளாக இல்லாதபோதும் மனிதர் செல்லும் பாதைகளாக இருந்தமையை விளக்குகிறது. கோடையில் மணலாறாகவும் மாரியில் பெருவெள்ளமாகவும் மாறும் மோதரகம் ஆற்றின் இயல்பும் அதுவே. ரைன் நதியைப் போல ஆண்டு முழுவதும் கப்பல் தாங்கும் ஆறு எதுவும் இலங்கையின் உலர் வலயத்தில் இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் முத்துக் குளிப்பு இக்கரையைச் சிறிது காலம் பெருநகர் ஆக்கியது. முதல் ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் அதனை மேற்பார்வை செய்யத் தங்குவதற்கென அரிப்பில் கட்டுவித்த மாளிகையின் இடிபாட்டை மக்கள் அல்லிராணிக் கோட்டை என்று வழங்குவர். கிரேக்கத் தூண் அமைப்பில் எழுந்த அக்கட்டடத்துக்கு அல்லி அரசாணியின் பெயர் ஒட்டிக்கொண்டமை, குதிரைமலைப் பக்கத்தில் அவ்வரசியைப் பற்றி வழங்கும் கதைகளின் வலிமைக்குச் சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளிப்பு முள்ளிக்குளத்தின் அயலூரான மரிச்சுக்கட்டியில் நடைபெற்றது. கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் முதலிய இடங்களின் சுழியோடிகளும் பாரசீக வளைகுடாவின் அராபியரும் தோணிகளில் வந்திறங்க, வெறுங்கரையில் ஓலையும் தடியும் கொண்டு ஒரு நகரம் எழுந்து, சில வாரங்களில் மறையும். சிப்பிக் குவியலில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்க்கு என்பது அக்கால முறை. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வுல்ஃப், இளம் அரச அலுவலராக 1906இல் மரிச்சுக்கட்டி முகாமில் பணியாற்றினார். கடல்வழியாலன்றி வேறெந்த வழியாலும் அத்துணைப் பெருங்கூட்டம் அங்கு வந்து சேர்ந்திருக்க முடியாது. புத்தளத்திலிருந்து எலுவன்குளம், மரிச்சுக்கட்டி வழியாக மன்னாருக்குச் செல்லும் தரைப்பாதை, மாரி காலத்தில் கலா ஓயாவும் மோதரகம் ஆறும் பெருகினால் அறுந்துபோகும் பாதை.

கால்வாயை வீழ்த்தியது தொடருந்து. ஒல்லாந்து நாட்டின் முதல் இரும்புப்பாதை, 1839இல், முதற் கால்வாய்ப் படகு ஓடிய அதே ஆம்ஸ்ரடாம்–ஹார்லெம் வழியிலேயே அமைந்தது. பழைய வழியின் வாடிக்கையாளரையே புதிய வழி முதலில் குறிவைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. இலங்கையிலும் அவ்வாறே, தண்டவாளம் 1909இல் நீர்கொழும்பையும் 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் அடைந்து, கால்வாயை ஊர் ஊராகப் பின்தொடர்ந்து அதன் சரக்கை எடுத்துக்கொண்டது. வடக்கே, 1914இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரி 24இல் பாம்பன் பாலமும் திறக்கப்பட, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடி, சென்னையில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு வரை செல்ல முடிந்தது. மன்னார்க் கரை கண்ட ஒழுங்கான பயணிகள் நீர்ச்சேவை இதுவே. ஏழைத் தோட்டத் தொழிலாளரும் வணிகரும் யாத்திரிகரும் மாணவரும் ஒருங்கே சென்ற அக்கப்பல், ஐம்பது ஆண்டுகள் நிலைத்து, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்து, எண்பதுகளில் இனப்போரோடு நின்றது. தலைமன்னார் இறங்குதுறை வரை தண்டவாளம் 2015இல் மீண்டது, கப்பல் மீளவில்லை.

தமிழகத்திலும் இதற்கு இணையான கதை உண்டு. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கி, தாது வருடப் பஞ்சத்தின்போது 1877–78இல் பட்டினியால் வாடிய மக்களைக் கூலிக்கு வைத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து நீட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாய், காக்கிநாடாவிலிருந்து தெற்கே மரக்காணம் வரை ஏறத்தாழ 796 கிலோமீற்றர் நீண்ட நீர்வழியாக விளங்கியது. அதில் 1934இல் நண்பர்களோடு மாமல்லபுரம் சென்ற பாரதிதாசன் அப்பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையாக்கினார். சரக்குக் கால்வாயில் இன்பச் செலவு மேற்கொண்டதற்குத் தமிழ் இலக்கியம் தரும் அரிய பதிவு அது. கால்வாயோ அதன்பின் தூர்ந்து, சென்னை நகருக்குள் சாக்கடையாயிற்று.

ஐரோப்பாவில் கால்வாய்கள் அழியாமல் தப்பியமைக்கு இரண்டு ஓய்வுகள் சந்தித்ததே காரணம் எனலாம்: சரக்கிலிருந்து ஓய்வுபெற்ற கால்வாய் ஒன்று, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர் மற்றொன்று. ஜேர்மனி 1889இல் முதியோர் காப்புறுதிச் சட்டம் இயற்றி, உழைத்து முடித்தவர்க்கு மாதந்தோறும் பணம் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியபோது அதைப் பெறும் வயது 70. அவ்வயது வரை உயிரோடிருந்தோர் சிலரே. ஆயுள் நீண்டு, ஓய்வூதியம் பரவலான இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், உடல் ஓடியாட முடியாதபோதும் உலகைக் காண விரும்பும் பெருங்கூட்டம் ஒன்று தோன்றியது. இங்கிலாந்தில் றோல்ற் என்பவர் தம் சிறுபடகுப் பயணம் பற்றி 1944இல் எழுதிய நூலும், 1946இல் அமைந்த உள்நாட்டு நீர்வழிச் சங்கமும், கைவிடப்பட்ட கால்வாய்களைத் தன்னார்வலர் கைகளால் மீட்கும் இயக்கத்தைத் தொடக்கின. தூர்ந்துகிடந்த கெனற்–ஏவன் கால்வாய் 1990இல் மீண்டும் திறக்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் ரிக்கே என்பார் அத்திலாந்திக் பக்கத்தையும் மத்தியதரைக் கடலையும் இணைக்க வெட்டிய பிரான்சின் மிடி கால்வாய், சரக்கை இழந்த பின்னர் உல்லாசப் படகுகளால் உயிர் பெற்று, 1996இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று.

ரைன்–மைன்–தன்யூப் கால்வாயின் கதை இன்னும் நீண்டது. 793இல் சார்லமேன் பேரரசர் வெட்டத் தொடங்கியதும், பவேரிய அரசர் லுட்விக் 1836 முதல் 1846 வரை 100 நீர்ப்பூட்டுகளோடு கட்டிமுடித்ததும் நிறைவேற்றாத பெருங்கனவு, 1992 செப்டெம்பரில் 171 கிலோமீற்றர் நீளமான புதிய கால்வாயாக நிறைவேறியது. நீர்ப்பூட்டு என்பது இருபுறமும் கதவிட்ட ஒரு நீர்த்தொட்டி. கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடி நீரை ஏற்றியோ இறக்கியோ, கப்பலைப் படிப்படியாக மேடேற்றவும் பள்ளத்தில் இறக்கவும் அது உதவுகிறது. பதினாறு நீர்ப்பூட்டுகளால் அக்கால்வாய் கப்பல்களைக் கடல்மட்டத்துக்கு மேல் 406 மீற்றர் உயரம் வரை ஏற்றிவிடுகிறது. சரக்குக்கென வெட்டப்பட்ட அதில் இன்று முதியோரின் பயணக்கப்பல்கள் வரிசையாகச் செல்கின்றன. இந்த நாட்டம் இந்தியாவையும் தொட்டுவிட்டது: 2023 சனவரியில் வாரணாசியிலிருந்து திப்ருகர் வரை 51 நாள் பயணமாகப் புறப்பட்ட கங்கா விலாஸ் கப்பலின் முதற் பயணிகள் 32 சுவிற்சர்லாந்து நாட்டவர்.

ஐரோப்பியக் கால்வாயின் இரண்டாம் வாழ்வுக்கு அடிப்படையாக இருந்த மற்றொரு நிலைமை அத்துணை வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. அக்கரைகளில் வாழ்ந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். பூட்டுக்காவலரின் வீடும், கரையோரத் தேவாலயமும், திராட்சைத் தோட்டமும், சந்தையும் தத்தம் இடத்தில் நின்றமையால்தான் கப்பலில் செல்பவருக்குக் காண்பதற்கு ஒரு கரை இருந்தது. மன்னார்க் கரையின் நிலை வேறு. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முசுலிம்களை வெளியேற்றியபோது, 70,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். மன்னார்த் தீவைச் சேர்ந்த பெருந்தொகையினர் வள்ளங்களில் ஏற்றப்பட்டு, கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் முதியோருமாக, திறந்த கடல்வழியே கற்பிட்டியில் வந்து இறங்கினர். ஒல்லாந்தரின் உப்புக் கலங்கள் சென்ற நீர்த்தொடருக்கு வடக்கே விரிந்த கடல், இம்முறை ஒரு சமுதாயம் முழுவதையும் சுமந்தது. இக்கரையின் வரலாற்றில் மிகப் பெரிய பயணங்களுள் ஒன்று அது. அதில் சென்ற முதியோருள் பலர் புத்தளத்து மண்ணிலேயே அடக்கமாயினர். தமிழரும் எண்பதுகள் தொட்டு இக்கரையிலிருந்து இரவில் படகேறி இராமேசுவரத்துக்கு ஏதிலிகளாகச் சென்றனர்.

முள்ளிக்குளத்தின் முறை 2007 செப்டெம்பரில் வந்தது. சிலாவத்துறைப் பகுதியில் நடந்த படைநடவடிக்கையின்போது ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டது. பின்னர் அங்கு கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. திரும்பி வந்த குடும்பங்கள் ஊருக்கு வெளியே மலங்காட்டிலும் காயாக்குழியிலும் தற்காலிகக் கொட்டில்களில் தங்க நேர்ந்தது. 2017 மார்ச் 23 முதல் ஏப்ரல் 29 வரை அவர்கள் தொடர்ந்து நடத்திய அறவழிப் போராட்டத்தின் முடிவில், 100 ஏக்கரை விடுவிக்க இணக்கம் அறிவிக்கப்பட்டது. அவர்கள் கேட்டது வீட்டு நிலத்தை மட்டுமன்று. வயலையும் குளத்தையும் ஆலயத்தையும், அவற்றோடு பாடு எனப்படும் உரிமையையும் சேர்த்தே கேட்டனர். பாடு என்பது கரைவலை வளைத்து இழுப்பதற்கென வழிவழியாக வரையறுக்கப்பட்ட கடற்கரைத் துண்டு. வலைக்குரிய சம்மாட்டியும், வள்ளத்தில் வலை வளைப்போரும், இருபுறமும் கயிறிழுப்போரும் மீனைப் பங்கிட்டுக்கொள்ளும் இத்தொழிலில், கடலுக்குள் போக முடியாத முதியவரும் கயிற்றின் கடைத்தலையில் கைகொடுக்கலாம், நிழலில் இருந்து வலை பொத்தலாம். இலங்கையில் மீனவர் ஓய்வூதியத்துக்கு 1990இலேயே சட்டம் இயற்றப்பட்டது உண்மை. ஆயினும் இக்கரையின் முதியவர்க்கு உண்மையான ஓய்வூதியமாக நெடுங்காலம் நின்றது பாட்டிலிருந்து வந்த பங்குதான். பாடு பறிபோனபோது அவ்வூரார் இழந்தது உழைக்கும் இடத்தை மட்டுமன்று, முதுமையடையும் இடத்தையுமாகும்.

எண்பதுகளில் அகதிகளாக ஐரோப்பா சென்ற இலங்கைத் தமிழர் இப்போது அங்கு ஓய்வூதிய வயதை அடைந்துவருகின்றனர். ஆண்டுதோறும் ஓகஸ்டில் ரைன் நதிக்கு அணித்தான கேவலார் மாதா ஆலயத்தில் ஆயிரக்கணக்கில் கூடி, மன்னார் மாவட்டத்து மடு மாதா ஆலயத் திருவிழாவை நினைவுகூரும் அவர்களுள், அந்த ஆற்றிலே ஒருநாள் பயணக்கப்பலில் ஏறப்போகிறவர்களும் இருப்பர். உழைத்து ஈட்டிய அந்த ஓய்வு அவர்களுக்கு உரியதே. 2007இல் நாற்பத்தைந்தைக் கடந்த வயதில் முள்ளிக்குளத்தைவிட்டு வெளியேறியவர்களும் இன்று அறுபதைத் தாண்டிவிட்டனர். அவர்கள் கேட்கும் பயணம் சில கிலோமீற்றர் தொலைவுடையது: கொட்டிலிலிருந்து தம் கரைக்கு.

ஹமில்டன் கால்வாயில் இன்று சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. கற்பிட்டியின் களப்பையும் 14 தீவுகளையும் சுற்றுலாவுக்கென வகுத்த அரச திட்டம், அங்குள்ள மீனவரிடம் கரை பறிபோகும் என்ற அச்சத்தைத் தோற்றுவித்தது. அந்நாட்டம் குதிரைமலை தாண்டி வடக்கே நகரும் நாள் தொலைவில் இல்லை. கும்பினிக் காலத்தில் சரக்குக்காகக் கரையாரைக் கணக்கில் எடுக்காது வெட்டிய பிழையை, இம்முறை விருந்தினருக்காகச் செய்துவிடக் கூடாது. முள்ளிக்குளத்தின் வயலும் குளமும் பாடும் அவற்றுக்குரியவர் கையில் முழுமையாகச் சேரும் வரை, மோதரகம் ஆற்று முகத்தில் எந்தச் சுற்றுலாப் படகுத்துறைக்கும் அரசு இடமளிக்கலாகாது.